பிள்ளையின் உதடும் பெற்றோர் முகமும்

உதடு பிளந்து ஒரு குழந்தை பிறந்துவிட்டால், மலாக்காத் தோட்டங்களில் முதற் கேள்வி தாயை நோக்கியே எழும். கிரகணத்தன்று காய் நறுக்கினாளா? கத்தி எடுத்தாளா? அண்டையிலுள்ள சீனர், கட்டிலின்மேல் கத்தரிக்கோல் எடுத்ததைச் சொல்வர். மலாய்க்காரரிடையே ‘கெனான்’ என்றொரு நம்பிக்கை உண்டு. அதில் விலங்கைத் துன்புறுத்திய தகப்பனுக்கும் பங்குண்டு. நம்மவர் வழக்கிலோ பழி முழுவதும் பெண்ணின் தலைமேல் விழுகின்றது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளை விட்டு மக்கள் ஜாசின், அலோர் காஜா தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். இக்கேள்வியும் உடன் வந்துவிட்டது.

கருவின் வளர்ச்சியை அறிந்தால் கிரகணக் கணக்கு நில்லாது. முகம் ஒரே துண்டாக உருவாவதன்று. மூக்கின் பக்கமிருந்தும் இரு கன்னங்களின் பக்கமிருந்தும் வளரும் மேடுகள் ஒன்றையொன்று தொட்டு இணைவதால் மேலுதடு அமைகின்றது. கரு உண்டான 7ஆம் வாரத்தளவில் இவ்வேலை முடிந்துவிடும். அண்ணம் 12ஆம் வாரத்தளவில் மூடிக்கொள்ளும். ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம், எப்போதோ கூடிவிட்ட உதட்டை எவ்வாறு பிளக்கும்?

ஆயின், சிலரிடம் மட்டும் அம்மேடுகள் தொடாமற் போவது ஏன்? கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாஃப்னி டிராஸ்லர் அம்மையார் 1968இல் சுண்டெலிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். உதட்டுப் பிளவு அடிக்கடி தோன்றும் எலி இனத்தின் கருமுகம், பிளவு தோன்றாத இனத்தின் கருமுகத்தினின்று வடிவிலேயே வேறுபட்டிருந்தது. அங்கேயே பணியாற்றிய கிளார்க் ஃபிரேசர் அடுத்த வினாவை எழுப்பினார். வடிவமே காரணமாயின், பிளவில்லாத பெற்றோரின் முகத்திலும் அதன் சாயல் இருக்க வேண்டுமல்லவா? பஷாயன் என்பவருடன் சேர்ந்து பெற்றோர் முகங்களை அளந்தார். முடிவு 1970இல் வெளிவந்தது. அவர்கள் முகம் பிறர் முகத்தைவிடச் சராசரியில் சற்று அகன்றும், மேல்தாடை சற்றுப் பின்வாங்கியும் இருந்தது.

சராசரி என்னும் சொல்லை மறத்தலாகாது. பலரை அளந்து கூட்டிப் பார்த்தால் தெரியும் வேறுபாடு, தனியொருவர் முகத்தில் தெரிவதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் முகத்தை அளந்து குறை கூறுவோர்க்கு இவ்வாராய்ச்சி சிறிதும் துணைபோகாது.

கண்ணுக்குப் புலப்படாத அடையாளமும் உண்டு. வாயைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கின்றது. மேலே தோல் முழுமையாக இருக்க, உள்ளே இத்தசையில் மட்டும் சிறு முறிவு இருக்கக்கூடும். கருவுற்ற பெண்களைச் சோதிப்பது போன்ற ஸ்கேன் கருவியால் அமெரிக்க ஆய்வாளர் இதைத் தேடினர். 2007இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, பிளவுற்றோரின் உறவினருள் 100க்கு 10.3 பேரிடமும், அவ்வித உறவில்லாதவருள் 100க்கு 5.8 பேரிடமும் அது காணப்பட்டது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் இப்போக்கு வரலாம் என்பதே பழிசொல்வோர் அறிய வேண்டிய செய்தி.

மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. பெற்றோர் ஒருவரின் கீழுதட்டில் ஊசி குத்தியதுபோன்ற இரு சிறு குழிகள் இருப்பின், அது வான் டெர் வூடு என்பார் 1954இல் விளக்கிய மரபுக்குறையாக இருக்கலாம். சாதாரணமாக ஒரு பிள்ளைக்குப் பிளவு இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வருவது 100க்கு 3 முதல் 5 வரையே. இக்குறையிலோ, அதற்குரிய மரபணு பிள்ளைக்குச் செல்லும் வாய்ப்பு சரிபாதி. அவ்வாறு பெற்ற பிள்ளைக்கும் சில வேளை குழி மட்டுமே தோன்றும், சில வேளை பிளவும் தோன்றும்.

தமிழாசிரியர் செவிக்கும் இதில் வேலை உண்டு. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துப் பிறக்குமிடங்களாக இதழையும் மூக்கையும் அண்ணத்தையும் வைத்தார். அண்ணம் மூடாவிடில் காற்று மூக்கின் வழி கசியும்; வல்லினம் மெல்லினத்தின் சாயல் கொள்ளும்; ‘ப’ என்பது ‘ம’ போல ஒலிக்கும். வெளித்தோல் மூடி, அடியில் தசை கூடாத அண்ணமும் உண்டு. முகத்தில் எவ்வடுவும் இல்லாத அப்பிள்ளையை நாத்தடித்தவன் என்று அதட்டிவிடுவது எளிது. உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பது அதன் ஓர் அறிகுறி. நலமாயுள்ள பலரிடமும் அது காணப்படுவதுண்டு என்பதால், மருத்துவர் விளக்குப் பிடித்துப் பார்த்தே முடிவு சொல்வார். அவ்விளக்கால் தாய் தந்தையர் வாயையும் பார்க்குமாறு கேட்கலாம்.