வறட்சிக் காலத் தீவனச் சேமிப்பு

வறட்சிக் காலத் தீவனச் சேமிப்பு என்பது, மழை பொய்த்த ஆண்டில் கிடைக்கும் சிறிதளவு பசும்பயிர், தட்டு, வைக்கோல் ஆகியவற்றைப் பக்குவப்படுத்தி, தீவனம் கிடைக்காத மாதங்களுக்கு இருப்பு வைக்கும் முறையாகும். குளிர் நாடுகளில் பனி மூடும் மாதங்களை எண்ணிக் கோடையிலேயே இவ்வேலை செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் கோடைதான் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால், மார்கழி, தை மாதங்களில் இவ்வேலை நடக்கிறது. வறட்சியில் தீவனத்தின் அளவு குறைவதோடு அதன் தன்மையும் மாறுகிறது. மற்ற ஆண்டுகளில் மாடு வளர்த்த சோளப்பயிரே வறட்சி ஆண்டில் மாட்டைக் கொல்லக்கூடும்.

பின்னணி

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இத்தகைய ஆண்டுகளில் புரட்டாசியில் விதைத்த மானாவாரிச் சோளம் கதிர் பிடிக்காமல் முழங்கால் உயரத்திலேயே வாடி நிற்கும். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் அதுவே கைவசமுள்ள தீவனம்.

தேவையைக் கணக்கிடுதல்

ஒரு மாட்டுக்கு நாள்தோறும் அதன் உடல் எடையில் சுமார் 2.5 விழுக்காடு உலர்பொருள் தேவை. 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு இது 7.5 கிலோ. தட்டுப்பாட்டில் நாளைக்கு 6 கிலோ காய்ந்த தட்டு என வைத்தாலும், 120 நாளுக்கு 720 கிலோ வேண்டும். இரண்டு மாடுகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன். இருப்பு இதற்குப் போதாது எனத் தெரிந்தால், கறவை வற்றிய மாட்டைத் தை மாதத்திலேயே விற்பது நல்லது. பஞ்சம் முற்றியபின் எல்லாரும் சந்தைக்கு ஓட்டுவதால் விலை சரியும்.

வாடிய சோளத்தின் நஞ்சு

சோளத்தின் இளம்பயிரிலும் மறுதாம்புப் பயிரிலும் தூரின் என்னும் பொருள் உள்ளது. மாடு மெல்லும்போது இது சிதைந்து ஐதரோசயனிக் அமிலம் வெளிப்படுகிறது. நீரின்றி வளர்ச்சி குன்றிய பயிரில் இதன் அளவு மிகும். வறட்சிக்குப் பின் ஒரு மழை பெய்தவுடன் கிளம்பும் புதுத்துளிர் மிகவும் ஆபத்தானது. நஞ்சேறிய மாடு மூச்சுத் திணறித் தள்ளாடி விழும். சில நிமிடங்களிலேயே இறக்கவும் கூடும். உடனே கால்நடை மருத்துவரை அழைப்பதே வழி.

வறட்சிப் பயிரில் நைட்ரேட்டும் சேர்கிறது. இது தண்டின் அடிப்பகுதியில் அதிகம். இவ்விரண்டுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு உண்டு. ஐதரோசயனிக் அமிலம் ஆவியாகும் தன்மையுடையதால், பயிரை நன்கு உலர்த்தினால் பெருமளவு குறையும். நைட்ரேட் உலர்த்துவதால் குறையாது. ஆகவே தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுப்பது பாதுகாப்பானது.

ஊறுகாய்ப்புல்

ஈரம் மீதமுள்ள சோளப்பயிரை ஊறுகாய்ப்புல்லாக (சைலேஜ்) மாற்றலாம். இதனால் இரு நஞ்சுகளும் குறைகின்றன. பயிரை 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, குழியிலோ தடித்த பிளாஸ்டிக் பையிலோ அடுக்கடுக்காக மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 45 நாள் வைக்க வேண்டும். நறுக்கிய பயிரைக் கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. அதுவே சரியான ஈரப்பதம். பூஞ்சணம் பிடித்த பகுதியை மாட்டுக்குக் கொடுக்கக்கூடாது.

யூரியா வைக்கோல்

வைக்கோலில் புரதம் 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைக்க வேண்டும். யூரியாவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா வைக்கோலின் நார்ப்பொருளை இளக்குகிறது; புரத அளவும் ஏறத்தாழ இருமடங்காகிறது.

இம்முறையில் இடர் நேர்வது பெரும்பாலும் அவசரத்தால்தான். யூரியாக் கரைசலைத் தெளித்த அன்றே வைக்கோலைக் கொடுத்தாலும், வாளியில் எஞ்சிய கரைசலை மாடு குடித்தாலும் உயிரிழப்பு ஏற்படும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கும், அசைபோடாத விலங்குகளுக்கும் இதைக் கொடுக்கக்கூடாது.

கொடுக்கும் முறை

- புதிதாகப் பிரித்த யூரியா வைக்கோலைக் கொடுக்குமுன் ஒரு மணி நேரம் காற்றாட வைக்கவேண்டும்.
- எந்தப் புதுத் தீவனத்தையும் சிறிதளவில் தொடங்கி, ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டவேண்டும்.
- பட்டினி கிடந்த மாட்டைச் சோளக்காட்டில் அவிழ்த்துவிடக்கூடாது; முதலில் காய்ந்த தட்டு போடவேண்டும்.
- தட்டை நறுக்கிப் போட்டால் காலடியில் வீணாவது குறையும்.
- அகத்தி, வாகை, கிளைரிசிடியா தழைகளைச் சிறிதளவு சேர்த்தால் பச்சைக் குறை ஓரளவு தீரும்.