பிழைத்தால் மட்டும் போதுமா?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர்களுக்கு ஒரு யோசனை

கடும் நோயில் விழுந்த ஒருவன் உயிர் பிழைத்துவிட்டான் என்று வைத்தியர் சொன்னவுடன் வீட்டார் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள். அது நியாயமே. ஆனால் பிழைத்தவன் மறுபடியும் தன் கையால் உண்பானா, தன் காலால் நடப்பானா, தன் தொழிலுக்குத் திரும்புவானா என்ற கேள்விகள் அந்த ஆனந்தத்தில் மறைந்துபோகின்றன. சில மாதங்கள் கழித்து அவை நினைவுக்கு வரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இராஜபாளையத்து நூற்பாலையொன்றில் வேலை செய்யும் ஐம்பது வயதுத் தொழிலாளி ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் விடியற்காலையில் அவனுக்குப் பக்கவாதம் கண்டு வலக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடிவரும் 108 வண்டி அவனை ஏற்றிச் செல்லுகிறது. 2022 ஜனவரி 12-ந் தேதி திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரில் இருக்கிறது. அதற்கு அப்பால் மதுரையும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாட்களில் அபாயம் நீங்கி, கை நிறைய மாத்திரைகளுடன் அவன் வீடு வந்து சேருகிறான். இதுவரையில் நடந்தவற்றைக் குறித்து நாம் பெருமைப்படலாம்.

வீட்டில் நடப்பது என்ன? மனைவி சோறு ஊட்டுகிறாள். மகன் தூக்கி உட்கார வைக்கிறான். வருகிற உறவினரெல்லாம் “அசையாதீர்கள், ஓய்வெடுங்கள்” என்று உபசரிக்கிறார்கள். எல்லாம் அன்பினால் செய்யப்படுவதே. ஆயினும் அந்த அன்பே அவனை முடமாக்குகிறது. உபயோகிக்காத தோள் இறுகுகிறது. கால் நரம்பு சுருங்குகிறது. படுத்தே கிடப்பதால் முதுகில் புண் உண்டாகிறது. பக்கவாதத்தில் இழந்த சக்தி பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிலேயே வேகமாகத் திரும்புகிறது என்பது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். அந்த மூன்று மாதங்களைத்தான் நாம் கட்டிலில் வீணாக்குகிறோம்.

இந்த வட்டாரத்தில் இக்குறை இருப்பது மிகவும் விசித்திரமானது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. பிறருடைய புண்ணைக் கட்டத் துணி நெய்து தரும் ஜனங்கள், தங்கள் வீட்டு நோயாளி எழுந்து நடப்பதற்கு வழி காண வேண்டாமா?

பிற தேசங்கள் என்ன செய்கின்றன?

டென்மார்க்கிலுள்ள பிரெடெரீசியா என்னும் நகரசபை 2008-ல் ஒரு புது முறையைக் கைக்கொண்டது. முதியோருக்கு வேலைகளைச் செய்து கொடுக்கும் உதவியாளரை அனுப்புவதற்கு முன், அந்த வேலைகளை அவர்களே மறுபடி செய்யும்படி சில வாரங்கள் பழக்குவது என்பதே அம்முறை. அது பலன் தரவே, 2015 முதல் அந்நாட்டு நகரசபைகள் அனைத்தும் இவ்வாறு செய்யவேண்டுமென்று சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவருக்கு ஆறு வாரம் வரையில் இத்தகைய உதவி இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணப் பணிவிடைக்கும் இதற்கும் உள்ள பேதம் ஒன்றுதான். பணிவிடைக்காரன் சட்டையை மாட்டிவிடுவான். இங்கே வருகிறவரோ, நோயாளி கால் மணி நேரம் பிரயாசைப்பட்டுத் தானே சட்டை போட்டுக்கொள்ளும் வரையில் பக்கத்தில் பொறுமையாக நிற்பார்.

பலனை அளக்கவும் வழியிருக்கிறது. அமெரிக்காவில் மஹோனி என்ற வைத்தியரும் பார்தெல் என்ற இயன்முறை சிகிச்சையாளரும், ஆகிய இரு பெண்மணிகள், 1965-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். உண்பது, குளிப்பது, உடுத்துவது, கட்டிலிலிருந்து எழுவது, நடப்பது, படியேறுவது முதலிய பத்துக் காரியங்களுக்கு மதிப்பெண் இட்டு, மொத்தம் 100 என்று வகுத்தார்கள். இதைக் கணக்கிடக் காகிதமும் பென்சிலும் போதும். நம் ஊருக்கு ஏற்றபடி சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: தரையில் உட்கார்ந்து எழுதல், உயரமான வாசற்படியைத் தாண்டுதல், குத்துக்காலிட்டு உட்காருதல் ஆகியவை முடியாதவன் நம் வீடுகளில் சுதந்தரமாக நடமாட முடியாது.

நம் சர்க்கார் செய்தது

நம் நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று கூறுவது தவறு. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் “மக்களைத் தேடி மருத்துவம்” என்ற திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்துவைத்தார். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்ப்பதுடன், படுக்கையில் கிடப்போருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டில் அளிப்பது அதன் நோக்கம். மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் இதில் தன்னார்வலர்களாக வீடு வீடாகச் சென்றார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. இதைப் பாராட்ட நாம் பின்வாங்கவில்லை.

நிற்க. திட்டத்தின் பரப்பு வேறு, ஆழம் வேறு. வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை சிகிச்சையாளர் என்பது இத்திட்டத்தின் ஏற்பாடு. அவர் நாளொன்றுக்கு ஆறு வீடுகள் செல்வதாக வைத்துக்கொண்டால், மாதத்தில் 25 நாட்களுக்கு 150 வீடுகளாகும். பக்கவாத நோயாளி ஒருவருக்கு வாரம் மூன்று முறையேனும் பயிற்சி அவசியமென்றால், மாதத்துக்குப் பன்னிரண்டு வருகை வேண்டும். ஆகவே ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் அவரால் ஒழுங்காகக் கவனிக்க இயலாது. இராஜபாளையம் நகரில் மட்டும் 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி 1,30,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அங்கிருந்து சுமார் 7 மைலில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,000 பேருக்கு மேல். கிராமங்களின் கணக்கு தனி. மாதம் ஒரு முறை வந்து காலை நீட்டி மடக்கிவிட்டுக் கையொப்பம் வாங்கிச் சென்றால் புள்ளிவிவரம் உயரும், நோயாளி எழமாட்டான்.

ஆட்சேபங்கள்

“நமக்குக் குடும்பம் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். குடும்பத்துக்கு அன்பு உண்டு, முறை தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்க ஒருவர் வரவேண்டும் என்பதே நம் வாதம். அன்றியும், கணவனைக் கவனிக்க வீட்டில் நின்றுவிட்ட பெண் நேற்றுவரை ஆலையிலோ தறியிலோ கூலி வாங்கியவள். ஒருவர் படுத்தால் இருவர் வருமானம் நின்றுபோகிறது. “செலவுக்குப் பணமேது?” என்பது இரண்டாவது ஆட்சேபம். ஆறு வாரப் பயிற்சிக்கு ஆகும் செலவு பெரிதா, பத்து வருஷம் ஒரு குடும்பம் கடனில் மூழ்குவதால் வரும் நஷ்டம் பெரிதா என்று ஆலோசித்துப் பார்க்கட்டும்.

வேண்டுவன யாவை?

முதலாவது, ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளி புறப்படும்போதே அவர் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போகவேண்டும். முதல் வாரத்துக்குள் ஒருவர் வீட்டுக்கு வரவேண்டும். இரண்டாவது, எதை மறுபடி செய்ய விரும்புகிறார் என்று நோயாளியையே கேட்கவேண்டும். தறியடியில் உட்காருவதோ, ஆண்டாள் சந்நிதிக்கு நடந்து போவதோ, அவர் விரும்புவதே குறியாக இருக்கட்டும். மூன்றாவது, வாரத்துக்கொரு புது முகம் வராமல், ஒருவரே தொடர்ந்து வரவேண்டும். நான்காவது, இயன்முறை சிகிச்சையாளரின் மேற்பார்வையில் தன்னார்வலப் பெண்களுக்கு இப்பயிற்சியைக் கற்பித்து, அவர்களுக்கு ஊக்கத்தொகை என்று சொற்பம் கொடுப்பதை விட்டு உழைப்புக்கேற்ற ஊதியம் தரவேண்டும். ஐந்தாவது, ஆரம்பத்திலும் ஆறு வாரம் கழித்தும் நோயாளியின் நிலையை அளந்து எழுதவேண்டும். எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பதுடன், எத்தனை பேர் எழுந்து நின்றார்கள் என்பதையும் சர்க்கார் ஊர்தோறும் பிரசுரிக்கட்டும்.

எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருப்பதும் தகாது. இராஜபாளையத்திலிருந்து சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக 1949-ல் உயர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, தமது சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தவர். அந்த ஊரில் பொதுப்பணிக்கு மனமில்லையென்று எவர் கூறுவார்? ஊன்றுகோல், நடைச் சட்டம், சக்கர நாற்காலி ஆகியவற்றை வாங்கி வைத்து, புஸ்தகசாலையில் புஸ்தகம் கொடுப்பதுபோல் இரவல் கொடுத்து வாங்குவது எந்த வாலிபர் சங்கத்துக்கும் இயலாத காரியமல்ல. நோயுற்ற தொழிலாளி கொஞ்சங் கொஞ்சமாக வேலைக்குத் திரும்ப ஆலை முதலாளிகள் இலேசான வேலையை ஒதுக்கலாம். தொழிற்சங்கங்கள் அதை வற்புறுத்திக் கேட்கலாம். நகரசபை அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் கட்டிலோடு கிடப்போர் எத்தனை பேர் என்று இம்மாதமே கணக்கெடுக்கலாம்.

பிறர் தயவில் வாழ்வது ஒரு தேசத்துக்கு எவ்வளவு இழிவென்று நமக்குத் தெரியும். தண்ணீர்ச் செம்புக்குக்கூடப் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவனுக்கு அது எவ்வளவு வேதனையென்று அவன் கட்டிலருகே போய் உட்கார்ந்து கேட்டால் தெரியும். அன்பர்கள் முதலில் தங்கள் தெருவிலுள்ள அத்தகைய ஒருவரையேனும் இந்த வாரத்தில் போய்ப் பார்ப்பார்களாக.