விமர்சனம் பகைமையன்று

எமது பல்கலைக்கழகங்களில் முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்காக ஆய்வு செய்யும் மாணவர்கள் நூலகத்திலும் களத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். ஆயினும், அவ்வுழைப்பின் பயனைப் பிறருக்கு எடுத்துரைக்கவும் சக ஆய்வாளரின் ஆக்கத்தைச் சீர்தூக்கிப் பார்க்கவும் அவர்கள் முறையாகப் பயிற்றப்படுகின்றார்களா என்பது சிந்தனைக்குரியதாகும்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டு 'மூன்று நிமிட ஆய்வேடு' என்னும் போட்டியை ஆரம்பித்தது. ஆய்வு மாணவர் ஒரேயொரு படவில்லையின் துணையுடன், துறைசாராதோருக்கும் விளங்கும்படி மூன்று நிமிடங்களில் தமது ஆய்வை விளக்க வேண்டும். நேரம் கடந்தால் தகுதி இழப்பார். இன்று பல நாடுகளுக்கும் பரவியுள்ள இப்போட்டியின் சிறப்பு, எதனைக் கூறுவது என்பதைவிட எதனை விடுவது என்பதை மாணவருக்குக் கற்பிப்பதிலேயே தங்கியுள்ளது.

எனினும், எடுத்துரைத்தல் பாதிப் பணியே. கேட்போரின் பணி மறுபாதியாகும். கருத்தரங்குகளில் 'மிகச் சிறப்பு' என்ற முகமன் ஒருபுறமும், ஆளையே தாக்கும் சொற்கள் மறுபுறமும் கேட்கின்றன. இரண்டினாலும் ஆய்வு வளர்வதில்லை.

கருத்துக் கூறுபவர் முதலில், தாம் விளங்கிக்கொண்ட வாதத்தைத் தமது சொற்களில் கூறுதல் வேண்டும். அது ஆய்வாளர் கருதியதிலிருந்து வேறுபடுமாயின், தெளிவின்மை எங்குள்ளது என்பது உடனே புலப்படும். அடுத்து, சான்று போதாத இடத்தைக் குறிப்பாகச் சுட்ட வேண்டும். வாவி மீனவரின் வருமானம் குறைந்துள்ளதென ஒருவர் முடிவுரைத்தால், 'முடிவு தவறு' என்பதால் பயனில்லை. எந்த ஆண்டோடு ஒப்பிடப்பட்டது, குடும்பங்கள் எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டன என வினவுவதே பயன் தரும். ஆய்வாளரோ உடன் மறுத்துரைக்காது அவற்றைக் குறித்துக்கொள்ளல் நன்று. பிறர் ஆக்கத்தை இவ்வாறு நோக்கப் பழகியவர், தமது ஆய்வேட்டையும் பரீட்சகரின் கண்கொண்டு காண்பார்.

இது எமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையிலே, அதங்கோட்டாசானின் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. அறிஞர் அவையின் வினாக்களை எதிர்கொள்வது நூலுக்கு இழுக்காகக் கருதப்படவில்லை.

எனவே, ஆய்வின் முதலாண்டிலிருந்தே இத்தகைய அமர்வுகளைப் பாடநெறியின் ஓர் அங்கமாக்குதல் அவசியமாகும். மேற்பார்வையாளர்களும் தமது வரைவுகளை மாணவர் முன் வைத்து விமர்சனத்தை ஏற்க முன்வர வேண்டும். ஒரு மாணவர் தமது ஆய்வு குறித்த முதலாவது கடினமான வினாவை வாய்மொழிப் பரீட்சை மண்டபத்தில்தான் எதிர்கொள்கின்றார் எனில், அது அவருடைய குறைபாடன்று. கற்பித்தலின் குறைபாடே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.