சமையல் மேசையில் பிறந்த பலூன்

தோழர்களே, லயத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் "வாயுதான், ஓமத்தண்ணி குடி" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லியே நாம் பறிகொடுத்தவர்கள் கொஞ்சமா?

இன்று நெஞ்சைப் பிளக்காமலே, தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, நுனியிலுள்ள பலூனை ஊதி, இருதயக் குழாய் அடைப்பை விலக்குகிறார்கள். இதற்கு வழி கண்டவர் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். 1939இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்தவர். போரில் தகப்பனை இழந்தவர். ஹைடல்பர்க்கில் மருத்துவம் படித்து, 1969இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்கு வந்தார்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி வேலை. ராத்திரியில் வீட்டுச் சமையல் மேசையில் கத்தி, நூல், பசை! மனைவியும், உதவியாளர் மரியா ஷ்லும்ப்ஃபும், அவர் கணவரும் கூட உட்கார்ந்து பலூன் செய்தார்கள். ரப்பர் சரிப்படவில்லை. அது மெத்தென்ற பக்கமே உப்பும், கெட்டியான அடைப்பை அசைக்காது. நாம் வெட்டுகிற பாலுக்கு அங்கே வேலை இல்லாமல் போச்சு! ஒரு ரசாயனப் பேராசிரியரின் யோசனைப்படி பி.வி.சி. பிளாஸ்டிக்குக்கு மாறினார்.

1974இல் கால் குழாயில் செய்து பார்த்தார். பிறகு நாய்களின் இருதயத்தில். 1976இல் அமெரிக்காவின் மியாமி மாநாட்டில் காட்டியபோது பலர் நம்பவில்லை. 1977 செப்டம்பர் 16இல், சூரிச்சில், 38 வயது நோயாளி விழித்தபடி படுத்திருக்க, அடைப்பு விலகியது.

பத்தாண்டு கழித்துச் சோதித்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. அதைப் பார்க்க டாக்டர் இல்லை. 1980இல் அட்லாண்டாவுக்குப் போனவர், 1985இல் தாமே ஓட்டிய விமானம் விழுந்து இறந்தார். வயது 46.