சாப்பாட்டுடன் அறையா, அறை மட்டுமா?



பாடசாலை லீவு நெருங்கும்போது நமது வீடுகளில் ஒரு பேச்சு எழும்பும். "இந்த முறையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் எங்கேயாவது போய் வருவோமே" என்பதுதான் அது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதியில் வாழும் நமக்குத் தெற்கே அறுகம்பை, வடக்கே பாசிக்குடா. இரண்டும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பாசிக்குடாக் கரையில் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழும்பிவிட்டன. போன் எடுத்து விசாரித்தால் மறுமுனையில் ஒரு கேள்வி வரும்: "ரூம் மட்டுமா, ஹாஃப் போர்டா, ஃபுல் போர்டா?"

காலைச் சாப்பாடும் இராச் சாப்பாடும் சேர்ந்தது ஹாஃப் போர்ட். பகல் சாப்பாட்டையும் சேர்த்தால் ஃபுல் போர்ட். காசை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். "மொத்தமாக எடுத்தால் மலிவு சேர்" என்பார்கள். மலிவுதானா என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சில வருடங்களுக்கு முன் அந்தச் சொல்லை நம்பி, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு இரவுக்கு ஃபுல் போர்ட் எடுத்தவன் நான். மனைவி மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுக் காசு அது. முதல் நாள் போகிற வழியில் காத்தான்குடியில் சாச்சி வீட்டில் இறங்கினோம். சாப்பிடாமல் போக விடுவார்களா? புரியாணிச் சஹன் வந்துவிட்டது. இரண்டாம் நாள் ஓட்டமாவடியில் என்னோடு மத்ரஸாவில் ஓதிய நண்பர் வீட்டில் பகல் சாப்பாடு. ஆக, காசு கட்டிய இரண்டு பகல் சாப்பாட்டையும் நாங்கள் தொடவே இல்லை. உம்மாவுக்குச் சீனி வருத்தம். இரவில் இரண்டு ரொட்டியும் கொஞ்சம் பருப்பும்தான். அவருக்கும் முழுக் கட்டணம். மூத்த மகனுக்கு அப்போது 14 வயது. அநேக ஹோட்டல்களில் 12 வயதைத் தாண்டினால் பெரியவர் கணக்குத்தான். திரும்பி வரும்போது வேனுக்குள் மனைவி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த எண்ணுகிற வேலையைப் போவதற்கு முன் செய்திருக்க வேண்டும். இப்போது நாம் செய்து பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்களுக்குச் சொல்லப்படும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இராச் சாப்பாட்டுக்குப் பெரியவர் ஒருவருக்கு 4,500 ரூபா, சின்னப் பிள்ளைக்கு அதில் பாதி, கைக்குழந்தைக்கு இலவசம் என்று வைப்போம். நீங்கள், கணவர், மாமி, 14 வயது மகன் ஆகிய நால்வருக்கு 18,000. ஒன்பது வயது மகளுக்கு 2,250. மொத்தம் 20,250 ரூபா. சொன்ன விலையில் வரிகள் சேராவிட்டால் சேவைக் கட்டணம் நூற்றுக்கு 10, அதோடு வற் வரி. அந்த வரி 15 ஆக இருந்து 2024 ஜனவரியில் 18 ஆகிவிட்டது. கடைசியில் ஓரிரவுச் சாப்பாடு 25,000 ரூபாவைத் தாண்டி நிற்கும். அதே ஆறு பேரும் ஓட்டமாவடிக்கோ, அறுகம்பையில் தங்கினால் பொத்துவிலுக்கோ வேனை விட்டு, நம்மவர் கடையில் கொத்தும் பராட்டாவும் மீன் ஆணமும் சாப்பிட்டு வர என்ன செல்லும்? அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் எல்லா இடத்துக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. ஏப்ரல் மாதத்து நுவரெலியாவில், இருட்டிய பிறகு குளிரில் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஹலாலான கடை தேடி அலைவதைவிட, தங்கிய இடத்திலேயே இராச் சாப்பாடு எடுத்துக்கொள்வது மேல்.

இன்னொன்றும் உண்டு. "ஓல் இன்குளூசிவ்" என்று சொல்வார்கள். தின்பதும் குடிப்பதும் எல்லாம் அடக்கம். இந்த வழக்கத்தைப் பரப்பியது பெல்ஜியம் நாட்டு ஜெரார்ட் பிளிட்ஸ் 1950இல் தொடங்கிய கிளப் மெட் என்ற நிறுவனம். ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா தீவில் கூடாரம் அடித்து ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு மேசையில் வைனும் அந்த விலைக்குள்ளேயே இருந்தது. இன்றும் இந்தத் திட்டத்தின் விலையில் மதுபானத்துக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. நாம் தொடாத ஒன்றுக்கு நமது காசு எதற்கு? மார்க்கம் ஒரு புறமிருக்க, வெறும் வியாபாரக் கணக்கிலேயே இது நமக்கு நட்டம்.

"எவ்வளவு சாப்பிடுவோம் என்று தெரியாமல் முன்கூட்டியே காசு கொடுப்பது கூடுமா?" என்று சில சகோதரிகள் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. பொதுக் குளியலறைக்குக் கட்டணம் கொடுத்து நுழைபவர்கள் எவ்வளவு தண்ணீர் செலவழிப்பார்கள், எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் அது கூடும் என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருப்பதாக இமாம் நவவி (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் எழுதியிருக்கிறார்கள். இக்கால அறிஞர் பலர் 'புஃபே' சாப்பாட்டையும் அதை வைத்தே அனுமதிக்கிறார்கள்.

இனி எனது இரண்டாவது தவறைச் சொல்கிறேன். முதலாவதைவிட அதுதான் பெரிது. பாசிக்குடாவில் சூடு கண்ட நான், அடுத்த லீவுக்கு அறுகம்பையில் குசினியோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். அரிசி, தேங்காய், காஸ் அடுப்பு, சட்டி பானை எல்லாம் வேனில் ஏறின. வாடியில் மீன் மலிவாகக் கிடைத்தது. மூன்று நாளும் செலவு மிகக் குறைவு. எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு பிள்ளைகளோடு கடலில் நனைந்து வந்து பார்க்கிறேன், மனைவி மீன் செதிளோடு குசினி வாசலில் இருக்கிறார். "இதுக்கு நம்மட குசினியிலயே இருந்திருக்கலாமே. கடல் சத்தம் அங்கயும் கேக்கும்தானே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது நான் ஏதும் பதில் சொல்லியிருப்பேன். வருடத்தில் மூன்று நாள் அடுப்பை விட்டு எழும்பத்தான் அவர் சீட்டுக் கட்டினார். அது என் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை.

ஆகவே, ஹோட்டல் சாப்பாடு வேண்டாம் என்று கணவர் சொன்னால், "அப்படியானால் யார் சமைப்பது?" என்று முதலில் கேளுங்கள். கடையில் சாப்பிடும் செலவோடு ஒப்பிட்டு மிச்சம் வந்தால் அது மிச்சம். உங்கள் கை உழைப்போடு ஒப்பிட்டால் எந்த ஹோட்டலும் விலை கூடித்தான் தெரியும்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு சேர்ந்த அறையைத்தான் எடுக்கிறோம். பிள்ளைகள் ஒன்பது மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டால் பகலுக்கு வாழைப்பழமும் வடையும் போதும். இரவு வெளியில். போன் பேசுவதும் மனைவிதான். அவர் கேட்பவை இவை: சொன்ன விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கமா? எத்தனை வயது வரை பாதிக் கட்டணம்? எங்காவது போகும் நாளில் பகல் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டித் தருவீர்களா, அல்லது இரவுக்கு மாற்றலாமா? கோழி எங்கே வாங்குகிறீர்கள்? பன்றி பொரிக்கும் எண்ணெயிலேயே மற்றதும் பொரிப்பீர்களா? கடைசியாக, வரமுடியாமல் போனால் கட்டிய காசு திரும்புமா? பதிலை மெசேஜில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டு, அது வந்த பிறகுதான் அட்வான்ஸ் போடுகிறார்.