கட்டடத் தொழிற்சொற்களின் பொருளெல்லை: தமிழ் - தெலுங்கு மொழிபெயர்ப்பு நோக்கில்

ஐதராபாத் நகரின் வடமேற்கில் அமைந்த பாலாநகர், 1960களிலிருந்து தொழிற்பகுதியாக வளர்ந்த இடமாகும். நடுவண் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968இல் அங்குத் தொடங்கப்பெற்றது. 2017 நவம்பரில் அவ்வழியே மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கிற்று. 2021 சூலையில் ஆறுவழி மேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதனைத் திறந்துவைத்தவர் கட்டுமானப் பணியில் உழைத்த பெண் தொழிலாளி ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. மெட்ரோப் பாதையின் தூண்கள் எண்ணிடப்பட்டவை. நகரத்தார் இடம் சொல்லும்போது 'பில்லர்' எண்ணையே அடையாளமாகக் கூறுகின்றனர். கட்டட உறுப்பின் பெயர் முகவரிச் சொல்லாகப் பொருள் விரிந்தமைக்கு இது நல்ல சான்று.

இத்தகைய பணியிடங்களில் தெலுங்கும் தக்கனி உருதும் இந்தியும் கலந்து வழங்குகின்றன. ஆயினும் அங்குச் செவிப்படும் பேஸ்மெண்ட், சென்ட்ரிங், ஸ்லாப், சஜ்ஜா, மேஸ்திரி முதலிய சொற்கள் தமிழ்நாட்டுக் கொத்தனாருக்கும் பழகியவையே. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் இவற்றை ஒலிபெயர்த்த அளவில் அமைந்துவிடுகின்றனர். அறியாத சொல்லுக்கு அகராதியை நாடுபவர், அறிந்ததாகத் தோன்றும் சொல்லுக்கு நாடுவதில்லை. இச்சொற்களின் பொருளெல்லை மொழிக்கு மொழியும், ஒரே மொழிக்குள் ஆவணத்திற்கு ஆவணமும் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேஸ்மெண்ட்

2016ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தரைமட்டத்திற்குக் கீழே முழுமையாகவோ பகுதியாகவோ அமைந்த தளத்தைப் பேஸ்மெண்ட் அல்லது செல்லார் என வரையறுக்கிறது. சுற்றியுள்ள நிலத்திற்கும் அதற்கு அடுத்து மேலுள்ள வீட்டுத் தரைக்கும் இடைப்பட்ட கட்டுமானப் பகுதிக்கு அது தரும் பெயர் பிளிந்த்.

கொத்தனார் வழக்கு இதற்கு மாறானது. தமிழ்நாட்டில் 'பேஸ்மெண்ட் மூன்றடி' என்றால் வீட்டின் தரை நிலத்திலிருந்து மூன்றடி உயர்ந்திருக்கும் என்பதே பொருள். மூன்றடி ஆழத்தில் ஓர் அறை இருப்பதாக அங்கு எவரும் கொள்ளார். தெலுங்கு வழக்கும் இதுவே. நிலத்தடித் தளத்தை ஐதராபாத்தில் 'செல்லார்' என்பர். இவ்வழக்கு பணியிடத்தோடு நின்றுவிடவில்லை. தெலங்காணாவில் 2024இல் தொடங்கிய இந்திரம்மா வீட்டுத் திட்டத்தில் ஐந்து இலட்ச ரூபாய் உதவி படிப்படியாக வழங்கப்படுகிறது. பேஸ்மெண்ட் முடிந்தவுடன் முதல் தவணையாக ஓர் இலட்சம் உண்டு. இங்குப் பேஸ்மெண்ட் என்பது பிளிந்தே. விதித்தொகுப்பின் பொருளைக் கொண்டு இவ்வரியைத் தமிழாக்குபவர், நிலத்தடித் தளம் கட்டிய பின்னரே பணம் கிட்டும் என எழுத நேரிடும்.

இதனைக் கல்லாதார் வழுவெனத் தள்ளுவது பொருந்தாது. ஆங்கிலக் கட்டடக்கலை எழுத்துகளிலும் கட்டடத்தைத் தாங்கும் அடிப்பகுதி பேஸ்மெண்ட் எனப்பட்டதுண்டு. நம் கோயில்களின் அதிட்டானத்தை ஆங்கிலத்தில் விவரித்தோரும் அச்சொல்லை ஆண்டுள்ளனர். கொத்தனார் வழக்கு அப்பழம் பொருளுக்கு நெருங்கியதாகவே உள்ளது.

தமிழாக்கமும் இங்குத் தெளிவு தரவில்லை. 'அடித்தளம்' என்னும் சொல் கடைகாலுக்கும், பிளிந்துக்கும், நிலத்தடித் தளத்திற்கும் ஒருங்கே ஆளப்படுகிறது. மூன்றும் மூன்று மட்டங்களில் உள்ளவை. அளவும் செலவும் வேறானவை. கடைகால் அல்லது அஸ்திவாரம் என்பதை மண்ணுள் இறங்கும் பகுதிக்கும், பீடம் என்பதைத் தரையை உயர்த்தும் பகுதிக்கும், நிலத்தடித் தளம் என்பதைப் புழங்கும் தளத்திற்கும் வரையறுத்துக்கொண்டால் குழப்பம் நீங்கும். அடித்தளம் என்பதை ஒப்பந்த ஆவணங்களில் தவிர்ப்பதே நன்று.

சென்ட்ரிங்

பேஸ்மெண்ட் பணத்தைப் பற்றிய சிக்கல் எனின், சென்ட்ரிங் உயிரைப் பற்றியது. ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் வளைவு கட்டும்போது அதனைத் தாங்க அமைக்கப்படும் தற்காலிகச் சட்டத்தைக் குறித்தது. இந்தியக் கட்டடத் தொழிலில் காங்கிரீட் பரவிய பின்னர், தளம் வார்ப்பதற்காக அமைக்கும் ஏற்பாடு முழுவதற்கும் பெயராயிற்று. காங்கிரீட்டை ஏந்தும் பலகை அல்லது தகடு, அதனைத் தாங்கும் முட்டு ஆகிய இரண்டும் 'சென்ட்ரிங்' என்னும் ஒரே பெயருள் அடங்குகின்றன. 'சென்ட்ரிங் அடித்தல்', 'சென்ட்ரிங் பிரித்தல்' என்பன தமிழ்த் தொடர்கள். தெலுங்கிலும் இச்சொல் இவ்வாறே ஆளப்படுகிறது.

ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதி (2000) இவ்விரண்டையும் பிரித்தே கூறுகிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் பயன்படுத்தி, வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் குறையாதிருப்பின், தளத்தின் அடிப்பலகையை 3 நாட்களுக்குப் பின் எடுக்கலாம். ஆனால் எடுத்தவுடன் முட்டுகளை மீண்டும் பொருத்துதல் வேண்டும். முட்டுகளோ, 4.5 மீட்டர் வரை அகலுள்ள தளத்திற்கு 7 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாட்களும் நிற்க வேண்டும். உத்திரமாயின் 6 மீட்டர் வரை 14 நாட்கள், அதற்கு மேல் 21 நாட்கள்.

இவ்விதியை '3 நாட்களில் சென்ட்ரிங் பிரிக்கலாம்' என மொழிபெயர்த்தால், சொல்லளவில் பிழை காண்பது அரிது. ஆயின் அதனைப் படிக்கும் மேஸ்திரி பலகையோடு முட்டையும் எடுத்துவிடக்கூடும். காங்கிரீட் தன் எடையைத் தானே தாங்கும் வலிமையை அதற்குள் பெற்றிராது. ஆதலின் பணிக்குறிப்புகளில் 'பலகை நீக்கல்' என்றும் 'முட்டு நீக்கல்' என்றும் இரு தொடர்களாக எழுதுதல் இன்றியமையாதது. சாரம் என்னும் சொல்லையும் இங்குக் கலத்தலாகாது. அது வேலையாள் ஏறி நின்று பணிபுரிவதற்காகக் கட்டப்படுவது, தளத்தைத் தாங்குவதன்று.

தொழிலாளர் இடப்பெயர்ச்சி ஒருவழிப்பட்டதன்று. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 சூன் 28 அன்று, கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அவர்களுள் ஆந்திரத்தின் வடகடலோர மாவட்டங்களைச் சேர்ந்தோர் பலர். அவ்விபத்துக்கு மொழி காரணமன்று. தமிழ்நாட்டுப் பணியிடத்தின் அறிவுறுத்தல் எம்மொழியினரைச் சென்றடைய வேண்டும் என்பதை மட்டும் அது காட்டுகிறது.

சஜ்ஜா, மேஸ்திரி

உருதுவின் 'சஜ்ஜா' சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்தைக் குறிப்பது. தமிழ்நாட்டில் அது சன்னல் மேலுள்ள சன்ஷேடின் மறுபெயர். தெலுங்கில் 'சஜ்ஜ' அதனையும், அறைக்குள் பண்டங்கள் வைக்கும் பலகத்தையும் சுட்டும்; பின்னதற்குத் தமிழில் பரண் என்று பெயர். ஒன்று வெயிலையும் மழையையும் தடுப்பது. மற்றொன்று பாரம் சுமப்பது.

மேஸ்திரி போர்த்துகீசிய மூலத்தது. ஜன்னல், வராந்தா, கிராதி ஆகியவற்றின் உறவினது. தெலுங்கில் 'தாபீ மேஸ்த்ரி' கரணை பிடித்துச் சுவர் எழுப்புபவர், அதாவது கொத்தனார். தமிழில் கொத்தனார் பலரை மேற்பார்ப்பவரே பெரும்பாலும் மேஸ்திரி. கூலிப்பட்டியலைத் தமிழாக்கும்போது இவ்வேறுபாட்டைக் கருதாவிடின் ஒருவரின் கூலி மற்றவர் பெயரில் ஏறும். சித்தாள் என்பதற்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். அச்சொல் உதவி வேலை செய்பவர் என்பதோடு, பெரும்பாலான வட்டாரங்களில் பெண் என்னும் பொருளையும் உடன்கொண்டுள்ளது.

ஆக்கமும் தொகுப்பும்

காங்கிரீட்டுக்குக் கற்காரை என்னும் ஆக்கம் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. பணியிடத்தை அது எட்டவில்லை. இலங்கைத் தமிழர் கொங்கிறீற்று, சீமெந்து, அத்திவாரம் என வழங்குவர். இவற்றுள் எது தூயது என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. கற்காரை என்றாலும் காங்கிரீட் என்றாலும் பொருள் ஒன்றே. இதனால் எவரும் ஏமாறுவதில்லை. ஒரு சொல்லுக்குள் இரு உறுப்புகள் மறைந்திருப்பதே ஆய்வாளரின் கவனத்தைப் பெற வேண்டியது.

தெலுங்கினர் இத்துறையில் முன்னோடிகள். ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதமியின் வட்டாரத் தொழிற்சொற்கோவை வரிசையில், பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் வேளாண்மைத் தொகுதி 1962இல் வெளிவந்தது. கட்டடத் தொழிலுக்கான தொகுதியைப் பூதராஜு ராதாகிருஷ்ணா தொகுத்தார். நூல்களிலிருந்து அன்றி, தொழில் செய்வோர் வாயிலிருந்து சொற்களைத் திரட்டிய முறை அவ்வரிசையின் சிறப்பு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியிலும் (1924-1936), 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் அகராதியிலும் கட்டடச் சொற்கள் உண்டு. எனினும் பொது அகராதி உறுப்பின் பெயரைத் தருமேயன்றி, அதன் எல்லையை வரைந்து காட்டுவதில்லை. கட்டடச் சொற்கோவை ஒவ்வொரு சொல்லுக்கும் உறுப்பின் படம், தரைமட்டத்திலிருந்து அது அமையும் இடம், அது தாங்கும் பாரம், வழங்கும் வட்டாரம் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். சென்ட்ரிங் போன்றவற்றிற்கு, நீக்கும் காலமும் பதிவின் ஒரு பகுதியாக இடம்பெறுதல் வேண்டும்.