தீவகத்து வணிக முயற்சியும் உலக மாற்றமும்: புளியங்கூடலை முன்வைத்து ஒரு நோக்கு

முயற்சியாண்மை என்னும் சொல் இன்று பல்கலைக்கழகங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் பெரிதும் வழங்குகின்றது. உலகப் பொருளாதாரம் மாறிவரும் காலத்தில், வேலை தேடி நில்லாது தொழிலைத் தாமே தொடங்குமாறு இளைஞர்க்கு அறிவுரை கூறப்படுகின்றது. முயற்சி என்பது தனிமனிதனின் துணிவிலும் மதிநுட்பத்திலும் பிறப்பது என்னும் எண்ணம் இவ்வறிவுரைக்கு அடிப்படையாக உள்ளது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்காவற்றுறைத் தீவில் சரவணை, நாரந்தனை ஆகிய ஊர்களுக்கு அயலில் அமைந்தது புளியங்கூடல். சுண்ணக்கல் நிலமாகிய இத்தீவில் ஆறு எதுவும் இல்லை. மழைநீர் நிலத்தின்கீழ் உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். இத்தகைய நிலத்தில், தலைமுறைதோறும் பிரிந்து சிறுத்த காணி ஒரு குடும்பத்தை முழுமையாகத் தாங்குதல் அரிது. அதே வேளையில், தீவின் மேற்கே உள்ள துறைமுகம் இம்மக்களைப் பழங்காலந் தொட்டே வெளியுலகோடு இணைத்தது. போர்த்துக்கேயர் இத்துறையினூடாக யானைகளை ஏற்றுமதி செய்தனர். ஒல்லாந்தர் தீவுக்கு லைடன் எனத் தம் நகரொன்றின் பெயரை இட்டனர். எனவே உலக மாற்றம் என்பது தீவகத்தார்க்கு இன்று புதிதாக வந்த ஒன்றன்று.

1905 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியபின், தென்னிலங்கை நகரங்களுக்குச் செல்லும் வழி எளிதாயிற்று. கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் தீவகத்தார் சில்லறைக் கடைகளும் உணவுச்சாலைகளும் நிறுவினர். வங்கிக் கடன் எட்டாத நிலையில் இவை எவ்வாறு தோன்றின என்பதே கவனத்திற்குரியது. ஊரிலிருந்து உறவினர் கடைக்குச் சென்ற சிறுவன் அங்கேயே உண்டு, உறங்கி, தொழில் பழகினான், காலப்போக்கில் பங்காளியானான், பின்னர் சீட்டுப் பணத்தையும் கடனாகப் பெற்ற சரக்கையும் கொண்டு தனிக்கடை திறந்தான். புதிய பண்டம், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் வழி, புதிய அமைப்பு முறை எனப் புத்தாக்கத்தை ஐவகைப்படுத்தினார் பொருளியலறிஞர் ஷும்பீட்டர். தீவகத்துக் கடை இவற்றுள் இறுதி வகையைச் சார்ந்தது எனலாம். இங்கு முதலாக நின்றது நம்பிக்கை; அந்நம்பிக்கையை ஆக்கியது ஊர்.

எனினும், இவ்வமைப்பைப் போற்றுவதோடு நின்றுவிடுதல் ஆய்வாகாது. நம்பிக்கையின் எல்லை உறவும் சாதியுமாகவே இருந்தது. கடைச் சிறுவனின் நீண்ட நேர உழைப்புக்கு உரிய ஊதியம் எப்போதும் கிடைத்ததில்லை. கணவன் தொலைவில் வணிகம் செய்தபோது ஊரில் வீட்டையும் காணியையும் பேணிய பெண்ணின் உழைப்பு எக்கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. ஈட்டிய பொருள் வீடாகவும் சீதனமாகவும் கோயில் திருப்பணியாகவும் ஊர் திரும்பியதேயன்றி, ஊரில் உற்பத்தியாக மாறியது குறைவு.

இக்குறையின் விளைவு நெருக்கடிக் காலங்களில் வெளிப்பட்டது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன. 1977 இன் இறுதியில் தொடங்கிய திறந்த பொருளாதாரக் கொள்கை, இறக்குமதித் தடையின் நிழலில் வளர்ந்த வெங்காய, மிளகாய்ச் செய்கையைத் தாக்கியது. தெற்கில் கடையை இழந்தவனுக்கு ஊரில் ஊன்றுகோல் இல்லை. 1990 ஆம் ஆண்டு இராணுவ நடவடிக்கையை அடுத்துத் தீவக மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். பாரிஸ், இலண்டன், றொறன்ரோ ஆகிய நகரங்களில் புலம்பெயர்ந்தோர் நடத்தும் கடைகளில் பழைய சீட்டும் உறவுமே மீண்டும் முதலாயின.

மாற்று வழி ஒன்றையும் வடபகுதி கண்டுள்ளது. கள்ளுத் தவறணைக் குத்தகைகாரரிடம் கடன்பட்டு உழைத்த சீவல் தொழிலாளர், 1970களின் முற்பகுதியில் கூட்டுறவுச் சங்கங்களாக அமைந்தனர். விற்பனை அவர்தம் சங்கத்தின் கைக்கு வந்தது. கள்ளைப் போத்தலில் அடைத்துப் பேணும் முறையும் வளர்ந்தது. சமூகத்தில் ஒடுக்கப்பட்டோர் நிகழ்த்திய இப்புத்தாக்கம் முயற்சியாண்மை பற்றிய உரைகளில் இடம்பெறுவது அரிது. உறவை நம்பிய கடை முறைக்கும் உறுப்புரிமையை நம்பிய சங்கத்திற்கும் உள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது: முன்னையது சிலரை உயர்த்திற்று, பின்னையது ஒரு தொழிலையே உயர்த்த முயன்றது.

2009 இல் போர் முடிந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடி இறக்குமதியை நம்பிய வாழ்வின் நிலையாமையை உணர்த்திற்று. நன்னீரைக் கெடுக்காத பனை இன்றும் தீவகத்தில் நிற்கின்றது; வெளிநாடுகளிலிருந்து பணமும் வருகின்றது. அப்பணம் மீண்டும் மதிலாகவும் மண்டபமாகவும் மட்டுமே எழுமா, அன்றி உழைப்போர் உரிமை கொண்ட உற்பத்திச் சங்கங்களுக்கு முதலாகுமா என்பதே புளியங்கூடல் போன்ற ஊர்களின் முன்னுள்ள வினா. துணிவுள்ள தனிமனிதர்க்குத் தீவகத்தில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அவர்தம் துணிவை ஊரின் உடைமையாக்கும் அமைப்பே இன்று வேண்டப்படும் புத்தாக்கமாகும்.